நடுக்கடலில் கிடந்த சுண்ணாம்புக்கல்: ஹைன்ரிக் அடுக்குகள் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஆழ்கடல் வண்டலில் ஒரு கரண்டி எடுத்து 63 மைக்ரான் கண்ணுள்ள சல்லடையில் போட்டு மெல்லத் தண்ணீர் விட்டால், களிமண் கலங்கி ஓடிவிடும். தங்குவதை உலர்த்தி, 150 மைக்ரான் சல்லடையில் மறுபடி சலித்து, கறுப்புத் தட்டில் பரப்பி நுண்நோக்கியின் கீழ் வைக்க வேண்டும். வட அட்லாண்டிக்கின் நடுப்பகுதியிலிருந்து எடுத்த வண்டல் என்றால் தட்டு பெரும்பாலும் வெள்ளையாக இருக்கும். ஃபொராமினிஃபெரா என்ற ஒருசெல் உயிர்களின் ஓடுகள், பொரி இறைத்ததுபோலக் கிடக்கும். அதே வண்டல் உருளையில் (கடலடியில் குழாய் இறக்கி எடுத்த நீள மாதிரியில்) சில சென்டிமீட்டர் கீழே போய் இன்னொரு கரண்டி எடுத்துப் பாருங்கள். ஓடுகள் ஏறக்குறைய காணாமல் போயிருக்கும். தட்டு முழுக்கக் கல். கூர்முனை மழுங்காத குவார்ட்ஸ், பளபளக்கும் ஃபெல்ட்ஸ்பார், அவற்றுக்கு நடுவே வெளிறிய மஞ்சளில் சில துணுக்குகள். அந்த மஞ்சள் துணுக்கின் மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் பொங்கி நுரைக்கும். சில துணுக்குகள் நுரைக்காமல் அடம்பிடிக்கும். அவற்றைப் பொடித்துவிட்டால் மெல்லக் குமிழிவிடும். முன்னது சுண்ணாம்புக்கல், பின்னது டோலமைட்.

இப்படிக் கல் மிகுந்து ஓடு குறைந்த அடுக்குகளைத்தான் ஹைன்ரிக் அடுக்குகள் என்கிறார்கள். அந்த மஞ்சள் துணுக்கு, நிலத்தில் உள்ள ஒரு பாறையிலிருந்து உடைந்த துண்டு. எந்தக் கரையிலிருந்தும் ஆயிரம் கிலோமீட்டர் வாக்கில் தள்ளி, நான்கு கிலோமீட்டர் நீருக்கு அடியில் இது ஏன் கிடக்கிறது? முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கடலடி வண்டல் படிப்போரை அலைக்கழித்த கேள்வி இது. இதன் ஒரு பாதிக்கு, எங்கிருந்து வந்தது என்பதற்கு, மிக உறுதியான விடை கிடைத்தது. மறுபாதியில், ஏன் வந்தது என்பதில், துறையே கொஞ்ச காலம் தலைகீழாக வாசித்துவிட்டது என்பது என் கணிப்பு. அந்த இரண்டையும் பிரித்துக் காட்டத்தான் இந்த ஆய்வு.

மணல் வந்த வழி

முதலில் மற்ற வழிகளை விலக்க வேண்டும். காற்று தூசியைக் கொண்டுபோகும். அரை மில்லிமீட்டர் கல்லை ஆயிரம் கிலோமீட்டர் சுமக்காது. ஆழ்கடல் நீரோட்டம் களிமண்ணையும் வண்டல்தூளையும் நகர்த்தும், பருமணலை அவ்வளவு தூரம் தள்ளாது. எரிமலைச் சாம்பல் வரலாம், ஆனால் அதன் கண்ணாடித் துகளைப் பார்த்தவுடனே அடையாளம் காணலாம். மிஞ்சுவது கலங்கல் ஓட்டம். கண்டச் சரிவில் வண்டல் சரிந்து, சேறாகி, பள்ளத்தாக்கு வழியே சமவெளிக்குப் பாயும். அது மணலையும் கூழாங்கல்லையும் வெகுதூரம் கொண்டுபோகும். ஆனால் அது தடம் வைத்துவிட்டுத்தான் போகும்: அடியில் பருமணல், மேலே போகப் போக நுண்மணல், அதற்கும் மேலே களிமண் என்று தரம்பிரிந்து படியும். தவிர, அது பள்ளம் பார்த்து ஓடும், கடலடி மேட்டில் ஏறாது. ஆகவே மேட்டில், தரம்பிரியாத களிமண்ணுக்குள் பருங்கல்லும் நுண்மணலும் தாறுமாறாகக் கலந்து கிடந்தால், அது பக்கவாட்டில் வரவில்லை, மேலிருந்து விழுந்திருக்கிறது.

மேலிருந்து விழ, மிதக்கும் ஏதோ ஒன்று சுமந்து வந்திருக்க வேண்டும். அது பனியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வேரோடு பிடுங்கப்பட்ட மரம் வேர்ப்பிடியில் கல்லைக் கொண்டுபோகும். கெல்ப் எனும் பெரிய கடற்பாசி பற்றியிருந்த கல்லோடு பெயர்ந்து மிதக்கும். பசிபிக்கின் ராடாக் தீவுகளில் பவளத்தைத் தவிர வேறு கல் கிடையாது. கரை ஒதுங்கும் மரங்களின் வேரில் தேடித்தான் கருவி தீட்டக் கல் எடுப்பார்கள், அந்தக் கல் தலைவனுக்கே சொந்தம், திருடினால் தண்டனை உண்டு என்று சார்லஸ் டார்வின் குறித்து வைத்திருக்கிறார். அதனால் பழைய பாறை ஒன்றில் தனியாக ஒரு கல்லைக் கண்டவுடனே ‘இங்கே பனியுகம்’ என்று எழுதிவிடக் கூடாது. பல ஆயிரம் கிலோமீட்டர் பரப்பில், ஒரே காலத்தில், கோடானுகோடி துகள்களாக என்றால் மரமும் பாசியும் போதாது.

பனி என்றாலும் இரண்டு பனி உண்டு. கடல்நீரே உறைந்து உண்டாவது கடல்பனி. ஆழம் குறைந்த கரையோரத்தில் அது உறையும்போது அங்குள்ள களிமண்ணையும் வண்டல்தூளையும் பிடித்துக்கொள்ளும். இதில் வரும் மணல் ஏற்கெனவே அலையில் உருண்டு மழுங்கியது. பனியாறு வேறு வகை. அது தன் அடியிலுள்ள பாறையைப் பெயர்க்கும், அரைக்கும், அரைத்ததைத் தன் அடிப்பனியில் உறைய வைத்துக்கொள்ளும். கடலைத் தொட்டதும் முனை முறிந்து பனிப்பாறைகளாக மிதக்கும். அதில் வரும் துகளின் மேல்பரப்பை எலக்ட்ரான் நுண்நோக்கியில் பார்த்தால் சிப்பி வடிவ உடைவுகளும் படிக்கட்டு போன்ற வெடிப்புகளும் தெரியும். நமது மஞ்சள் துணுக்கும் அதன் குவார்ட்ஸ் கூட்டாளிகளும் இரண்டாம் வகை.

இங்கே ஒரு பழைய கணக்கு நேராகிறது. 19-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஐரோப்பியச் சமவெளிகளில் சம்பந்தமில்லாமல் கிடந்த பெரும்பாறைகளை, அப்போது நிலத்தை மூடியிருந்த கடலில் மிதந்துவந்த பனிப்பாறைகளே இறக்கிவிட்டுப் போயின என்று சார்லஸ் லையெல் வாதிட்டார். இல்லை, நிலத்தின் மேலேயே பனி படர்ந்திருந்தது என்று 1837-இல் லூயி அகாசி கிளம்பினார். நிலத்தைப் பொறுத்தவரை அகாசி ஜெயித்தார். ஆனால் லையெல் சொன்ன வண்டி கடலில் நிஜமாகவே ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

1988

வட அட்லாண்டிக்கில் பனி கொண்டுவந்த மணல் இருப்பது முன்பே தெரியும். 1977-இல் வில்லியம் ரடிமன் அதன் பரவலை வரைபடமாக்கி, அது அதிகம் விழுந்த பட்டை எங்கே என்று காட்டினார். கனடாவுக்குக் கிழக்கே தொடங்கி ஐரோப்பாவை நோக்கி, ஏறத்தாழ வடக்கு அட்சரேகை 40-க்கும் 55-க்கும் இடையில் அந்தப் பட்டை ஓடுகிறது. ஆனால் அந்த மணல் சீராக விழவில்லை, அவ்வப்போது கொட்டியிருக்கிறது என்பதை எடுத்துக் காட்டியவர் ஹார்ட்முட் ஹைன்ரிக் என்ற ஜெர்மன் ஆய்வாளர். டிரைட்ஸாக் என்ற கடலடி மலைப் பகுதியில் எடுத்த வண்டல் உருளைகளில், கடந்த 1,30,000 ஆண்டுகளுக்குள் கல் மிகுந்து ஓடு குறைந்த அடுக்குகள் மீண்டும் மீண்டும் வருவதை அவர் எண்ணி, 1988-இல் வெளியிட்டார். அவருடைய விளக்கம் பூமியின் அச்சு பம்பரம்போல மெல்லத் தள்ளாடுவதோடு தொடர்புடைய ஏறத்தாழ 11,000 ஆண்டுச் சுற்று. அந்த விளக்கம் நிலைக்கவில்லை, எண்ணிக்கை நிலைத்தது.

உடனே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1992-இல் ஜெரார்ட் பாண்டும் கூட்டாளிகளும் வேறு இடத்தில், ஏறத்தாழ 3,900 மீட்டர் ஆழத்தில் ஆழ்கடல் துளையிடல் திட்டம் 1983-இல் துளையிட்ட 609-ஆம் தளத்தின் உருளையில், அதே அடுக்குகளைத் தேடிப் பிடித்தார்கள். அதே ஆண்டில்தான் வாலஸ் புரோக்கர் போன்றோர் அவற்றை ‘ஹைன்ரிக் நிகழ்வுகள்’ என்று அழைக்கத் தொடங்கினர். கடைசிப் பனியுகத்துக்குள் ஆறு: இப்போதைய கணக்கில் ஏறத்தாழ 16,800, 24,000, 31,000, 38,000, 45,000, 60,000 ஆண்டுகளுக்கு முன். பெயர்கள் எச்1 முதல் எச்6 வரை.

எண்ணும் முறையிலேயே ஒரு பொறி இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக முடியாது. பெரும்பாலும் ஒரு மாதிரிக்குச் சில நூறு துகள் எண்ணி, அதில் கல் எத்தனை சதவீதம் என்று எழுதுவார்கள். ஓடு 250, கல் 50 என்றால் கல் 17 சதவீதம். இப்போது கல் ஒன்றுகூட அதிகமாக விழாமல், குளிரால் உயிர்கள் செத்து ஓடு மட்டும் 50-ஆகக் குறைந்தால் கல் 50 சதவீதமாகிவிடும். வரைபடத்தில் பெரிய சிகரம் எழும்பும், கடலில் எதுவும் கூடுதலாக விழுந்திருக்காது. ஆரம்பத்தில் இந்த ஐயம் நியாயமாகவே எழுந்தது. ஆகவே ஒரு கிராம் வண்டலுக்கு எத்தனை கல் என்று எண்ண வேண்டும். அதுவும் போதாது; வண்டல் எவ்வளவு வேகத்தில் படிந்தது என்றும் தெரிய வேண்டும். இதற்குத் தோரியம்-230 உதவியது. கடல்நீரிலுள்ள யுரேனியத்திலிருந்து அது ஒரே வேகத்தில் பிறந்து, பிறந்தவுடனே துகள்களில் ஒட்டிக் கீழே விழுகிறது. வண்டல் வேகமாகப் படிந்தால் தோரியம் நீர்த்துப்போகும், மெதுவாகப் படிந்தால் செறியும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எச்1, 2, 4, 5 அடுக்குகளில் நிஜமாகவே கல் கொட்டியிருந்தது. எச்3, எச்6 இரண்டிலும் அவ்வளவு தெளிவு இல்லை. அங்கே ஓடு குறைந்ததும் ஒரு காரணம், சுண்ணாம்புக்கல்லும் சொற்பம். ஆறையும் ஒரே குடும்பமாகப் பேசும் வழக்கம் இன்னும் போகவில்லை. எனக்கு அது எப்போதுமே நெருடும்.

துகளின் முகவரி

இந்த வழக்கில் அசைக்க முடியாத பகுதி இதுதான்.

முதல் தடயம் தடிமன். லாப்ரடார் கடலில், ஹட்சன் நீரிணையின் வாய்க்கு அருகே, இந்த அடுக்குகள் அரை மீட்டருக்கும் மேல் போகும். கிழக்கே வர வர மெலிந்து, போர்ச்சுகல்லை நெருங்கும்போது சில சென்டிமீட்டர்தான். 3,000 கிலோமீட்டர் நீளத்துக்கு விரித்த விசிறி அது. காம்பு எங்கே என்று குழந்தைகூடச் சொல்லிவிடும்.

இரண்டாவது, அந்த நுரைத்த துணுக்கு. ஹட்சன் விரிகுடா, ஹட்சன் நீரிணை ஆகியவற்றின் அடித்தளத்தில் ஆர்டோவிசியன், சிலூரியன் காலத்துச் சுண்ணாம்புக்கல்லும் டோலமைட்டும் விரிந்து கிடக்கின்றன. ஏறத்தாழ 45 கோடி ஆண்டுகளுக்கு முன் வெதுவெதுப்பான ஆழமற்ற கடலில் படிந்த பாறை அது. பனி அதன் மேல் ஊர்ந்து, அரைத்து, கடலுக்குக் கொண்டுவந்தது.

சுண்ணாம்புக்கல் வேறு இடங்களிலும் உண்டு என்று வாதிடலாம். அதற்குத்தான் மூன்றாவது தடயம், என் பார்வையில் மிக அழகானது. அதே அடுக்கிலிருந்து ஹார்ன்பிளெண்ட் என்ற கருநிறக் கனிமத்தின் மணிகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றின் வயதையும் ஆர்கான் ஐசோடோப்பு முறையில் அளந்தார்கள். குன்றிமணியைவிடப் பல மடங்கு சிறிய மணி, அதற்குத் தனித்தனியாக ஜாதகம். அவற்றில் மிகப் பெரும்பாலானவை 180 கோடி ஆண்டுகளை ஒட்டி வந்தன. ஹட்சன் நீரிணையைச் சூழ்ந்துள்ள சர்ச்சில் மாகாணம் என்ற தொன்மையான பாறைத்தொகுதியின் வயது அது. ஃபெல்ட்ஸ்பார் மணிகளின் ஈய ஐசோடோப்பும் அதே ஊரைக் காட்டியது. சாதாரண அடுக்குகளில் உள்ள மணிகள் பல வயதுகளில் கலந்து வரும். கிரீன்லாந்து, ஸ்காண்டிநேவியா, ஐஸ்லாந்து என்று எங்கெங்கிருந்தோ வந்த கூட்டம். ஹைன்ரிக் அடுக்கில் மட்டும் எல்லோரும் ஒரே தெருக்காரர்கள். சிட்னி ஹெமிங் 2004-இல் இந்தச் சான்றுகளையெல்லாம் திரட்டி எழுதிய விரிவான மீளாய்வை இன்றும் இத்துறையில் புரட்டாமல் இருக்க முடியாது. ஓர் அடுக்கு படிய எடுத்த காலம் ஏறத்தாழ 500 ஆண்டு, முன்னே பின்னே 250 என்பதும் அவர் போட்ட கணக்கு.

இதிலிருந்து ஒரு நிலப்பரப்பை மீட்டெழுப்பலாம். வட அமெரிக்காவின் மேல் லாரன்டைட் பனிவிரிப்பு. அதன் மையத்தில், விரிகுடாவின் மிருதுவான வண்டலும் சுண்ணக்கல்லும் கிடந்த தளத்தின் மேல், மற்ற இடங்களைவிட வேகமாக நகரும் ஒரு பனியோடை. அது நீரிணையின் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு கிழக்கே ஓடி, லாப்ரடார் கடலில் போய் உடைகிறது. இன்று அந்தப் பனியோடையில் ஒரு துளியும் இல்லை. அது ஓடிய திசை, சுரண்டிய பாறை, உடைந்த வாசல் மூன்றும் ஐரோப்பாவின் பக்கம் கடலடியில் கிடக்கும் மணலில் பதிவாகியிருக்கின்றன.

குளிரைச் சொன்னவர் வேறு ஆள்

பனிப்பாறை வந்தது என்று மணல் சொல்லும். ‘கடல் எவ்வளவு குளிர்ந்திருந்தது’ என்று கேட்டால் அதற்குத் தெரியாது. சொல்லப்போனால், கல் மிகுதியாக விழுந்த இடம் பனிப்பாறை மிகுதியாக உருகிய இடம். உறைகுளிரில் பனிப்பாறை கல்லை விடாமல் சுமந்துகொண்டு போய்விடும். ஆகவே கல் இல்லாத இடத்தில் பனிப்பாறையே போகவில்லை என்றும் சொல்ல முடியாது.

குளிருக்குச் சாட்சி சொன்னவை தட்டில் மிச்சமிருந்த சில ஓடுகள். நியோகுளோபோகுவாட்ரினா பேக்கிடெர்மா என்ற இனம் துருவக் கடல்களில் வாழ்வது, அதன் ஓடு இடப்பக்கம் சுருளும். வலப்பக்கம் சுருளும் அதன் உறவினம் சற்று இதமான நீரை விரும்பும். நெடுங்காலம் இரண்டும் ஒரே இனத்தின் இரு வடிவங்கள் என்று நினைத்திருந்தார்கள். மரபணு ஆய்வுக்குப் பிறகு வலச்சுருளிக்கு இன்காம்ப்டா என்று தனி இனப்பெயர் வந்தது. ஹைன்ரிக் அடுக்குகளில் எஞ்சிய ஓடுகளில் ஏறக்குறைய எல்லாமே இடச்சுருளிகள். மேலும் அவற்றின் ஓட்டில் ஆக்சிஜன்-18 என்ற கனமான ஆக்சிஜன் வகை குறைந்திருந்தது. பனிவிரிப்பின் நீரில் ஆக்சிஜன்-18 குறைவு. அது உருகிக் கடலின் மேல்மட்டத்தில் கலந்ததற்கான அடையாளம் அது. துருவத்து உயிரும் நன்னீரும் ஒரே ஓட்டில்.

நன்னீர் மேலே மிதந்தால் என்ன ஆகும்? வட அட்லாண்டிக்கில் உப்பும் குளிரும் சேர்ந்த கனமான நீர் அமிழ்ந்து தெற்கே போக, வெப்பநீர் மேலே வடக்கே வரும். நன்னீர் மூடி போட்டால் அமிழ்வது தடைபடும். இதையும் ஊகமாக விடவில்லை. யுரேனியத்திலிருந்து புரோட்டாக்டினியம்-231, தோரியம்-230 இரண்டும் 0.093 என்ற மாறாத விகிதத்தில் பிறக்கின்றன. தோரியம் உடனே அடியில் விழும், புரோட்டாக்டினியம் நீரில் கொஞ்ச காலம் தங்கி நீரோட்டத்தோடு தெற்கே போய்விடும். நீரோட்டம் நின்றால் அது போக வழியில்லாமல் அங்கேயே விழும், வண்டலில் விகிதம் 0.093-ஐத் தொடும். 2004-இல் ஜெர்ரி மெக்மேனஸ் குழு பெர்முடா மேட்டு வண்டலில் இதை அளந்தபோது, எச்1 காலத்தில் விகிதம் ஏறக்குறைய அந்த எண்ணுக்கே வந்திருந்தது. நீரோட்டம் கிட்டத்தட்ட நின்றுபோயிருந்தது என்று பொருள்.

அதே காலங்களில் சீனாவின் ஹூலூ குகைச் சுண்ணத்தூண்களில் பருவமழை நலிந்த தடம் இருக்கிறது, அரபிக்கடல் வண்டலிலும் இருக்கிறது. வடகிழக்கு பிரேசிலில் மாறாக மழை கூடியிருக்கிறது. வெப்பமண்டல மழைப்பட்டை தெற்கே இறங்கிவிட்டது என்பது இவற்றுக்குப் பொதுவான வாசிப்பு.

முந்தியது எது?

இந்த இடத்தில்தான் கதை வசதியாகக் கோர்த்துக்கொண்டது. பனிவிரிப்பு உடைந்தது, பனிப்பாறைகள் வந்தன, உருகின, நன்னீர் மூடியது, நீரோட்டம் நின்றது, குளிர்ந்தது. நேர்கோட்டில் காரணமும் விளைவும். பனிவிரிப்பு ஏன் உடைந்தது என்பதற்கும் 1993-இல் டக்ளஸ் மெக்கயீல் நேர்த்தியான ஒரு பொறிமுறை தந்தார்: பனி கொழுத்துக்கொண்டே போகும், அதன் தடிமனே போர்வையாகி அடியில் பூமியின் வெப்பத்தைச் சேர்க்கும், அடிப்பனி உருகி வழுக்கத் தொடங்கியதும் மொத்தமாகக் கடலுக்குச் சரியும், மெலிந்ததும் மறுபடி உறைந்து கொழுக்கும். வயிறு முட்டத் தின்று, வாந்தியெடுத்து, மறுபடி தின்பதுபோல. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 7,000 ஆண்டு. வெளியிலிருந்து தூண்டுதலே வேண்டாம். அடுக்குகளின் இடைவெளிக்கு அச்சாகப் பொருந்தியது.

உருளையை மில்லிமீட்டர் மில்லிமீட்டராகப் பார்த்தவர்களுக்குத்தான் உறுத்தல் ஆரம்பித்தது. ஹட்சன் சுண்ணக்கல் வருவதற்குச் சற்று முன்னாலேயே ஐஸ்லாந்து எரிமலைக் கண்ணாடியும் சிவப்புக் கறை படிந்த குவார்ட்ஸும் கூடத் தொடங்கியிருந்தன. 1995-இல் பாண்டும் ரஸ்டி லாட்டியும் இதைக் காட்டினர். லாரன்டைட் பனிவிரிப்பு தன் உள்வயிற்று உபாதையால் உடைந்தது என்றால், ஐஸ்லாந்துப் பனிக்கு முன்கூட்டியே எப்படித் தெரிந்தது? கிரீன்லாந்துப் பனிப் பதிவோடு ஒப்பிட்டபோது இன்னொன்றும் புலப்பட்டது: படிப்படியாகக் குளிர்ந்துகொண்டே வரும் ஒரு தொடரின் கடைசியில், ஏற்கெனவே நன்றாகக் குளிர்ந்துவிட்ட கட்டத்தில்தான் ஒவ்வொரு ஹைன்ரிக் அடுக்கும் உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பிறகு திடீர் வெப்பம்.

2015-இல் ஸ்டீஃபன் பார்க்கரும் குழுவும் ஐஸ்லாந்துக்குத் தெற்கே 983-ஆம் தளத்தில் நான்கு லட்சம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பதிவை எடுத்துப் பார்த்தார்கள். ஒரே உருளை, ஒரே தட்டு; இடச்சுருளிகளும் கல்லும் பக்கம் பக்கமாக. காலக்கணக்கில் பிழை என்று சொல்லித் தப்பிக்க இடமில்லாத ஏற்பாடு, அதுதான் இந்த ஆய்வின் பலம். அங்கே குளிர் முதலில் வந்தது, பனிப்பாறைகள் பிறகு வந்தன. பனிப்பாறையால் குளிர் கூடியிருக்கலாம், நீடித்திருக்கலாம், தொடங்கவில்லை.

அப்படியானால் லாரன்டைட் பனியை உடைத்தது எது? இப்போது செல்வாக்குள்ள விளக்கம் எதிர்த்திசையில் ஓடுகிறது. நீரோட்டம் முதலில் தளர்கிறது. மேல்மட்டம் குளிர்கிறது, ஆனால் வெப்பம் போக வழியின்றி நடுஆழத்தில் தேங்குகிறது. அந்த வெதுநீர் பனிநாக்கின் அடியில் நுழைந்து அரிக்கிறது. 2011-இல் ஷான் மார்காட் குழு எச்1-க்கு முன்பே இத்தகைய அடிநீர் வெப்பம் இருந்ததற்கு ஆதாரம் காட்டியது. 2017-இல் ஜெரமி பாசிஸ் குழு மாதிரிக் கணக்கில் இன்னொரு நுணுக்கத்தைச் சேர்த்தது: பனியின் பாரம் தரையை அமுக்கி வைத்திருக்கும், அதனால் நீரிணை வாசல் ஆழமாகி வெதுநீர் உள்ளே வரும், பனி உடைந்து பாரம் குறைந்ததும் தரை மெல்ல எழும்பி வாசலை மூடும், அப்போதுதான் பனி மறுபடி வளரும்.

மேலே வானிலை உறைந்திருக்கும்போது, கீழே வெப்பத்தால் உடைந்த பனி! தட்டில் கிடக்கும் மணல் இரண்டு கதைக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால்தான் சொல்கிறேன்: பனி சுமந்த மணலிடம் ‘எங்கிருந்து’ என்று கேட்டால் தெருப்பெயர்வரை சொல்லும், ‘எப்போது’ என்றால் சுமாராகச் சொல்லும், ‘ஏன்’ என்றால் கேட்பவருக்குப் பிடித்த பதிலைத் திருப்பிச் சொல்லும்.

அழுக்குப் பனியின் சிக்கல்

இன்னும் சரியாக அவிழாத முடிச்சு ஒன்று. பனியாற்றில் கல்லும் மணலும் மிகுதியாக இருப்பது அதன் அடியில் உள்ள சில மீட்டர் அழுக்குப் பனியில். பனிப்பாறை மிதக்கத் தொடங்கியதும் முதலில் உருகுவதும் அந்த அடிப்பகுதிதான். கிரீன்லாந்தின் ஃபியோர்டுகளில், அதாவது பனியாறு குடைந்த நீண்ட கடல்வாய்களில், இன்று நடப்பது இதுவே. பனிப்பாறைத் துண்டுகள் வாய்க்குள் நெரிசலில் மாட்டிக்கொண்டு, சுமையில் பெரும்பங்கைத் திறந்த கடலைப் பார்க்கும் முன்பே இறக்கிவிடுகின்றன. அப்படியிருக்க, ஹட்சன் மணல் 3,000 கிலோமீட்டர் போனது எப்படி?

சொல்லப்படும் வழிகள் பல. பனியோடையின் அடியில் நீர் மறுபடி உறைந்து, கல்லைப் பல மீட்டர் உயரத்துக்குப் பனிக்குள் ஏற்றியிருக்கலாம். பனிநாக்கின் அடியில் கடல்நீர் உறைந்து, அழுக்குப் பனிக்குக் கீழே ஒரு சுத்தப் பனிக் கவசம் உண்டாகியிருக்கலாம். பனிப்பாறை குப்புறக் கவிழ்ந்தால் அழுக்கு மேலே போய், குளிர்காற்றில் பத்திரமாக இருக்கும். கடலே அவ்வளவு குளிர்ந்திருந்ததால் உருகல் தாமதப்பட்டிருக்கலாம். இவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க எனக்குத் துணிவில்லை. ஆனால் ஒன்று நிச்சயம்: மணலின் அளவை வைத்து இத்தனை பனிப்பாறை, இவ்வளவு நன்னீர் என்று நேர்கணக்குப் போடுவது ஆபத்து. பத்து சுத்தமான பனிப்பாறைகள் ஒரு மணியும் போடாமல் போகும், ஓர் அழுக்குப் பனிப்பாறை ஓர் அடுக்கையே போட்டுவிடும்.

இதே எச்சரிக்கையோடுதான் பழைய காலத்துப் பதிவுகளையும் தொட வேண்டும். 2004-இல் வடதுருவக் கடலின் லோமனோசோவ் முகட்டில் துளையிட்டபோது, ஏறத்தாழ 4.6 கோடி ஆண்டுப் பழமையான வண்டலில் கூழாங்கல் ஒன்று வந்தது. வடக்கே பனி அவ்வளவு முன்பே இருந்ததா என்ற விவாதம் கிளம்பியது. கிரீன்லாந்துக்குக் கிழக்கே 913-ஆம் தளத்தில் 3.8 முதல் 3 கோடி ஆண்டுகளுக்கு உட்பட்ட வண்டலில் பனி சுமந்த கல் 2007-இல் அறிவிக்கப்பட்டது. இவை அந்தக் கரையில் எங்கோ பனி கடலைத் தொட்டது என்பதற்குச் சாட்சி. கண்டம் முழுக்கப் பனி மூடியிருந்தது என்பதற்கு அல்ல.

மஞ்சள் துணுக்குக்கே திரும்புகிறேன். பாண்ட் குழு பார்த்த 609-ஆம் தளத்துக்கே பிற்பாடு மறுபடி போய்த் துளையிட்டு, யு1308 என்று பெயரிட்டார்கள். டேவிட் ஹோடெல் குழு 2008-இல் அதைக் கீழ்நோக்கி வாசித்துக்கொண்டே போனது. ஹட்சன் சுண்ணக்கல் அடுக்குகள் ஏறத்தாழ 6,40,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை இருக்கின்றன. அதற்கும் கீழே பனி சுமந்த குவார்ட்ஸ் உண்டு, பனிப்பாறைகள் வந்துகொண்டுதான் இருந்தன, சுண்ணக்கல் அடுக்கு மட்டும் இல்லை. பனியுகங்கள் 41,000 ஆண்டுச் சுற்றிலிருந்து 1,00,000 ஆண்டுச் சுற்றுக்கு மாறி முடித்த காலத்தோடு அந்த எல்லை ஒத்துப்போகிறது. அதுவரை ஹட்சன் விரிகுடாவின் மேல் சரிந்து உடையும் அளவுக்குப் பனி தடித்து, நீடித்து நிற்கவில்லை என்பது ஒரு வாசிப்பு. முந்தைய பனிவிரிப்புகள் கண்டத்தின் மேலிருந்த இளகிய மண்போர்வையை லட்சக்கணக்கான ஆண்டுகளாக வழித்தெடுத்து, கெட்டிப்பாறை வெளிப்பட்ட பிறகே பனி அவ்வளவு உயரமாக நிற்க முடிந்தது என்பது, 1998-இல் பீட்டர் கிளார்க்கும் டேவிட் போலார்டும் முன்வைத்த கருதுகோளோடு சேர்த்து வாசிக்கும் இன்னொரு முறை. இரண்டில் எது என்று தீர்க்க, சுண்ணக்கல் இல்லாத அந்த ஆழத்து அடுக்குகளில் உள்ள ஹார்ன்பிளெண்ட் மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வயது கேட்க வேண்டும்.